மூன்றாம் மெட்டின் உறுமல்

ரத்னாக்காவைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டுமென்றால் நான்தான் எழுத வேண்டும். அவள் கை கெட்டுப்போய்விட்டது என்று முதன்முதலில் வாயைத் திறந்து சொன்ன புண்ணியவதி நான். செய்த பாவத்தை நானே எழுதிவிட்டால் மற்றவர்கள் அதைக் கூட்டிச் சொல்ல முடியாது அல்லவா?

என் பெயர் ராஜமணி. திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பிக்கிறேன். ரத்னாபாய் அதே பள்ளியில் தையல் டீச்சர். என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஆகையால் எனக்கு ரத்னாக்கா. சொந்த ஊர் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே. கணவர் அருமைநாயகம் மராமத்து இலாகாவில் குமாஸ்தா. நந்தன்கோட்டில் பலாமரத்தடியில் ஒரு சின்ன ஓட்டு வீடு அவர்களுக்கு. ரத்னாக்கா ஆள் குட்டை, குரல் உயரம். அவள் மெதுவாகப் பேசினால் பக்கத்து வகுப்பில் பாடம் நிற்கும், சத்தமாகப் பேசினால் பள்ளிக்கூடமே நிற்கும்.

பள்ளியில் பதினோரு தையல் மெஷின்கள் இருந்தன. அவற்றில் எது இருமினாலும், எது முனகினாலும், அவள் அடுத்த அறையில் இருந்தபடியே நோய் சொல்லிவிடுவாள். பெண்கள் ஊசியை மாற்றி, நூலை மாற்றி, திருகையும் திருகி வைத்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஒண்ணை மாத்து. ஓட்டிப் பாரு. ரெண்டை ஒருமிச்சு மாத்தினா எதுல குத்தம்னு எப்பிடித் தெரியும்?" என்பாள். இந்த ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு ஊரில் பாதி வீடுகளின் மெஷின்களை ஓட வைத்தவள் அவள்.

அவளிடம் ஒரு கித்தார் இருந்தது. 1917இல் ஒரு மதாம்மா தன் நாட்டுக்குத் திரும்பிப் போகையில், பிரயாணத்துக்குக் கவுன் தைத்துக் கொடுத்த பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். கப்பலில் இடமில்லை என்று சொன்னாளாம். மதாம்மாவுக்கு அதை வாசிக்க வரவில்லை என்பது என் அபிப்பிராயம். ரத்னாக்காவுக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தானே மீட்டி, தானே தப்புப் பண்ணி, தானே திருத்தி, எங்கள் கிறிஸ்தவ சபையில் பாடுகிற கீர்த்தனைகளை எல்லாம் அதில் கொண்டுவந்துவிட்டாள். சபையார் அந்த வாத்தியத்துக்கு மதாம்ம வீணை என்று பெயர் வைத்தார்கள்.

வீணை என்று சொன்னதில் ஒரு நியாயமும் உண்டு. ஸ்ரீவராகத்தில் நாகலக்ஷ்மி என்ற அம்மாள் வீட்டு மெஷினைச் சரிசெய்ய அவள் அடிக்கடி போவாள். அவளை உள்ளே கூப்பிடமாட்டார்கள். மெஷினை வாசலுக்குத் தூக்கி வருவார்கள். மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது உள்ளே அந்த அம்மாள் வீணை வாசிப்பது காதில் விழும். அங்கே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை ஆட்டுவது எப்படி என்று காதாலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் நிறுத்தினவர்களுக்கு வித்தையை நிறுத்தத் தெரியவில்லை, எனக்கு அதில் பரம சந்தோஷம். கித்தாரை வெள்ளைக்காரர்கள் அப்படி இழுத்து வாசிக்கமாட்டார்களாம். நம் தோடி ராகக் கீர்த்தனையை இழுக்காமல் வாசித்தால் அது பல் துலக்காத வாய் மாதிரி இருக்கும் என்பாள் அவள். எனக்கு ராகம் என்றால் தூக்கம் வரும். ஆனால் அந்த இழுப்பு வரும் இடத்தில் மட்டும் நானும் நிமிர்ந்து உட்காருவேன்.

1936ஆம் வருஷம், ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, ஒரு பெண்ணுக்குப் பாவாடை ஓரம் தைத்துக் காட்டும்போது மெஷின் ஊசி ரத்னாக்காவின் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கி நகத்தைத் துளைத்து அடியில் வந்துவிட்டது. விரல் பழுத்தது. டாக்டர் கீறிவிட்டார். இரண்டு மாதம் கைக்குக் கட்டு. நகம் விழுந்து, கோணலாக இன்னொன்று முளைத்தது. கட்டு அவிழ்த்த அன்றே கித்தாரை எடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்தாள். அப்போதுதான் அந்த உறுமல் கேட்டது.

எல்லா ஸ்வரமும் மணி மாதிரி வந்தது. தோடியின் காந்தாரம், அதாவது அவள் இழுத்து ஆட்டும் அந்த ஒரே ஸ்வரம் மட்டும், 'ஜ்ர்ர்ர்' என்று பூனை முறைக்கிற மாதிரி வந்தது. கீர்த்தனையில் அது நாலு தடவை வருகிறது. நாலு தடவையும் உறுமியது. ஆராதனை முடிந்து வாசலில் குடை விரித்துக்கொண்டிருந்த நான், பக்கத்தில் நின்றவர்களிடம், "பாவம், ரத்னாக்காவுக்குக் கை கெட்டுப்போச்சு. அந்த இழுப்புக்குப் பலம் போதல" என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அடுத்த ஞாயிறுக்குள் அது ஊர்ச் செய்தி. ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. ஒருத்தி முறிவெண்ணெய் கொடுத்தனுப்பினாள். அதைத் தடவிக்கொண்டு அவள் சபைக் கோவிலுக்குள் வந்தால் பிரசங்கம் கேட்கிறவர்களுக்கு வைத்தியசாலை ஞாபகம் வரும். ஒருத்தி தினமும் கோதுமை மாவு பிசையச் சொன்னாள். அருமைநாயகம், மழை ஈரம்தான் காரணமாக இருக்கும் என்று கித்தாரை அடுப்புக்கு மேலே மூன்று நாள் தொங்கவிட்டார், பிறகு முறுக்காணிகளுக்கு எண்ணெய் போட்டார், பிறகு மெட்ராஸிலிருந்து புதுக் கம்பி வரவழைத்து மாட்டினார். உறுமல் அசையவில்லை. கம்பியிலும் குற்றமில்லை என்று ஆனபோது, கைதான் என்று அவளும் நம்பிவிட்டாள். பதினோரு மெஷின்களுக்கு நோய் பார்க்கிறவள், தன் விஷயத்தில் ஊர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். மனுஷ மனசு அப்படித்தான்.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்புப் பண்டிகை நெருங்கியது. கொல்லத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் போதகர்கள் வருவார்கள். சபைக் காரியதரிசி சத்தியநேசன்தான் பாடகர் குழுவுக்கும் தலைவர், ஹார்மோனியமும் அவரே. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் கமிட்டியில் தீர்மானம் போட்டுவிட்டுத்தான் சிரிப்பார். ஒரு நாள் சாயங்காலம், நானும் அங்கே இருக்கையில், ரத்னாக்கா வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், உங்க கைக்கு ரெஸ்ட் வேணும். பண்டிகைக்கு ஹார்மோனியம் மட்டும் போதும்னு கமிட்டி தீர்மானிச்சிருக்கு."

"பண்டிகைக்கு மட்டுமா, சாரே?"

அவர் கோப்பைக்குள் பார்த்தார். "அதுக்குப் பிறகும்தான். அந்த வாத்தியத்தை மதாம்மா ஞாபகார்த்தமா கோவில் வெஸ்ட்ரி அறையில, கண்ணாடி அலமாரியில வச்சிடலாம்னு ஒரு அபிப்ராயம். பத்திரமா இருக்கும், இல்லியா?"

"கண்ணாடிக்குள்ள வச்சா சத்தம் எப்பிடி வரும், சாரே?" என்று கேட்டாள். அவர் படி இறங்கிப் போன பிறகு அவள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அருமைநாயகம் என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அப்போதும் கைதான் காரணம் என்று நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கையில் பள்ளிக்கூடத்தில் ஏழாம் நம்பர் மெஷின் நூலை அறுக்கத் தொடங்கியது. நாலு தையலுக்கு ஒரு தடவை அறுக்கும். ரத்னாக்கா தன் வேதப்படி ஊசியை மாற்றினாள், அறுத்தது. பழைய ஊசியைப் போட்டு நூலை மாற்றினாள், அறுத்தது. பிறகு நூல் போகும் வழி முழுக்க வலது கைப் பெருவிரல் நகத்தை வைத்து இழுத்துக்கொண்டே போனாள். அவளுக்கு ஊசிமுனை மழுங்கியதா என்று பார்ப்பதும் நகத்தில்தான். மேலும் கீழும் போய்வரும் இரும்புக் கையின் துளையில் நகம் 'டிக்' என்று மாட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துளையின் ஓரத்தில் முடி அகலத்துக்கு ஒரு வெட்டு.

நான் பூகோள வகுப்பை முடித்துவிட்டு அப்போதுதான் அங்கே போய் உட்கார்ந்தேன்.

"ஏட்டி ராஜமணி, இந்த இரும்பை யாரு அறுத்தா?"

"நான் அறுக்கல" என்றேன். பழக்க தோஷம்.

"நூலாக்கும் அறுத்திருக்கு. பஞ்சு நூலு. பன்னெண்டு வருஷமா ஒரே இடத்துல உரசி உரசி இரும்பையே அறுத்திருக்கு. இப்பம் அந்தக் குழியில மாட்டி நூலு அறுபடுது." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பஞ்சு நூலு இரும்பை அறுக்கும்னா, இரும்புக் கம்பி பித்தளையை என்ன செய்யும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசி மணி அடித்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாத குறையாக வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கித்தாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே வரிசையாகப் பித்தளைப் பட்டைகள் பதித்திருக்கும். வீணைக்காரர்கள் பாஷையில் மெட்டு. கம்பியை எந்த மெட்டுக்கு நேராக அமுக்குகிறோமோ அதற்கேற்ற ஸ்வரம் வரும். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வரிசையாக வாசித்துக் காட்டினாள். மூன்றாம் கம்பியில் முதல் மெட்டு, சுத்தம். இரண்டாம் மெட்டு, சுத்தம். மூன்றாம் மெட்டு உறுமியது. நாலாம் மெட்டு மறுபடி சுத்தம். அதே மூன்றாம் மெட்டில் மற்ற கம்பிகளை மீட்டினாள். எல்லாம் சுத்தம்.

"கை கெட்டதுன்னா எல்லா இடத்துலயும் கெடணும். ஒரே ஒரு இடத்துல மட்டும் எனக்க கை எப்பிடிக் கெடும்?" என்றாள். "நில்லு. இன்னும் ஒண்ணை மாத்திப் பாக்கணும்."

"எதை?"

"கையை."

கித்தாரைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவளைத் தவிர வேறு யாரும் அதில் விரல் வைத்ததில்லை. ஊரில் அந்த வாத்தியம் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை, ஆகையால் வேறொரு கையில் கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. என் விரலைப் பிடித்து மூன்றாம் கம்பியில், மூன்றாம் மெட்டுக்கு நேரே வைத்தாள். "அமுக்கு. பலமா." கம்பி விரலை அறுத்தது. அமுக்கினேன். அவள் மீட்டினாள்.

'ஜ்ர்ர்ர்' என்றது.

"ஏட்டி, உனக்க கையில ஊசி குத்திச்சா?"

"இல்ல."

"பலாமரத்துல ஏறி விழுந்தியா?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் உறுமுது?" என்று கத்தினாள். உள்ளேயிருந்து அருமைநாயகம் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். அவரையும் விடவில்லை. பேனா பிடித்துத் தடித்த அவர் விரலை வைத்து அமுக்கச் சொன்னாள். அங்கேயும் உறுமியது. அவள் சிரித்த சிரிப்பில் பலாமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரல் வலியால் அல்ல.

பிறகு கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, மூன்றாம் மெட்டின் மேல் நகத்தை வைத்து ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தாள். நடுவில் 'டிக்' என்று மாட்டியது. ஏழாம் நம்பர் மெஷினில் மாட்டிய அதே மாட்டல். பத்தொன்பது வருஷம் அந்த ஒரு ஸ்வரத்தைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பித்தளையில் குழி பறித்திருந்தாள். குழியில் கம்பி தாழ்ந்து கிடக்கிறது. தாழ்ந்த கம்பி துடிக்கும்போது அடுத்த மெட்டின் தலையில் உரசுகிறது. உறுமல் அந்த உரசல்தான். இழுக்காமல் வாசிக்கிற வெள்ளைக்காரி கையில் இது நூறு வருஷம் ஆனாலும் நடந்திருக்காது.

ரத்னாக்காவுக்கு அதுவும் போதவில்லை. வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் அருமைநாயகத்துக்கு ஈயத்தாளில் சுற்றித் தேயிலை அனுப்புவார். அந்த ஈயத்தாளில் அரிசி அளவு கிள்ளி, மடித்து, குழியில் வைத்துக் கம்பியை ஏற்றினாள். மீட்டினாள். காந்தாரம் சுத்தமாக எழுந்து நின்றது. ஏழெட்டு மீட்டலில் ஈயத்தாள் கிழிந்தது, உறுமல் திரும்பி வந்தது. வந்தால் வரட்டும்; ஆள் அகப்பட்டுக்கொண்டான்.

"அப்பம் தப்பு உன்னுதுதான்" என்றார் அருமைநாயகம். "பித்தளையைத் தேய்ச்சதே நீயாக்கும்."

"ஆமா, நான்தான் தேய்ச்சேன். எனக்க விரலு பித்தளையைத் தேய்க்கும். போய் சத்தியநேசன் சாருக்கிட்டச் சொல்லுங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்த கர்வத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு பேரும் கித்தாரைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே தாணு என்பவர் பூட்டு, கீல், ஆணி விற்பார், பூட்டு ரிப்பேரும் பார்ப்பார். மெஷின் ஊசி வாங்குவது அவரிடம்தான். சுசீந்திரத்துக்காரர். கித்தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டீச்சரம்மா, வீணையில மெட்டு மெழுகுலயாக்கும் இருக்கும். உருக்கி எடுத்துருலாம். இது மரத்துக்குள்ள பல்லு மாதிரி இறங்கி நிக்கி. புடுங்கினா மரமும் சேந்து வரும்."

"வராமப் புடுங்குங்க, அண்ணாச்சி."

"புடுங்குனாலும் புது மெட்டுக்கு எங்க போறது? மெட்ராஸுக்கு எழுதினா ஒரு மாசம் ஆவும்."

"ஒம்பது நாளுதான் இருக்கு."

தாணு மெட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார். பதினெட்டு. கடைசி மெட்டு, கித்தாரின் வயிற்றுத் துளைக்குப் பக்கத்தில், பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது. "இதுல எப்பம் கை வச்சீங்க?"

"வச்சதே இல்ல. நம்ம கீர்த்தனை அவ்வளவு உயரத்துக்கு ஏறாது."

"மதாம்மா?"

"அவளும் ஏறியிருக்க மாட்டா."

"அப்பம் பத்தொம்பது வருசமா சும்மா உக்காந்து திங்குது" என்றார் தாணு. ரத்னாக்கா அவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். அதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை.

சும்மா இருக்கிற மெட்டையே முதலில் பிடுங்கச் சொன்னாள் அவள். கை பழகட்டும், அங்கே மரம் பிய்ந்தாலும் நஷ்டமில்லை. தாணு ஈயம் பற்றவைக்கும் இரும்பைக் காய்ச்சி மெட்டின் மேல் வைத்தார். சூட்டில் பழைய வஜ்ஜிரப் பசை இளகியது. வாய் தட்டையாகத் தேய்த்த குறடால் நெம்பினார். மெட்டு வந்தது, கூடவே தவிடு அளவு மரமும் வந்தது. மூன்றாம் மெட்டுக்கு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் சூடு காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மரம் பிளந்தால் கண்ணாடி அலமாரிகூட வேண்டாம், விறகுதான். கண்ணைத் திறந்தபோது மெட்டு அவர் உள்ளங்கையில் கிடந்தது. மரத்தில் ஒரு கீறல் இல்லை.

கித்தாரின் கழுத்து வயிற்றுப் பக்கம் போகப்போக அகலம் கூடும், ஆகையால் கடைசி மெட்டு மூன்றாம் இடத்துக்கு நீளம் அதிகம். இரண்டு ஓரத்தையும் வெட்டி, பலகைத் துண்டை மேலே வைத்து மெல்லத் தட்டி இறக்கினார். கம்பியை முறுக்கி ரத்னாக்கா மீட்டினாள். மூன்றாம் மெட்டு சுத்தம். இரண்டாம் மெட்டை அமுக்கினாள்.

'ஜ்ர்ர்ர்.'

"போச்சு, இப்பம் அது இங்க வந்துட்டு" என்றேன்.

ரத்னாக்கா சிரித்தாள். "இது நல்ல குத்தமாக்கும், ராஜமணி. புது மெட்டு தேயாதது. மத்ததெல்லாம் கொஞ்சம் தேஞ்சது. இது தலையைத் தூக்கி நிக்கி, அதான் இரண்டாமத்ததுல அமுக்கினா இதுல உரசுது. குறைஞ்சா நம்மால கூட்ட முடியாது. கூடினா அராவிக்கலாம்." இரும்பு ஸ்கேலை மூன்று மெட்டுகளின் மேல் குறுக்கே வைத்து, அது ஆடாமல் நிற்கும்வரை தாணு நடுமெட்டை அராவினார். ஒரு தடவை அராவுவது, ஒரு தடவை மீட்டிப் பார்ப்பது. ஒன்பதாவது தடவை இரண்டாம் மெட்டு சுத்தம். மூன்றாம் மெட்டு சுத்தம். நாலாம் மெட்டும் சுத்தம்.

பிறகு அவள் அந்தக் காந்தாரத்தை இழுத்தாள். சாலைக் கடைத்தெருவில், கீலும் பூட்டும் தொங்குகிற கடையில், ஆணிப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, கோணல் நகம் முளைத்த அந்த விரலால் இழுத்தாள். ஸ்வரம் மேலே போய் ஆடித் திரும்பி வந்தது. அரிசி மூட்டை சுமந்துகொண்டு போன ஒருவர் மூட்டையோடு நின்றுவிட்டார். "கொள்ளாமல்லோ!" என்று யாரோ மலையாளத்தில் மெச்சினார்கள். தாணு கூலி என்று ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை இழுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை பாடகர் குழுவின் பயிற்சி. யாரும் கூப்பிடாமலே ரத்னாக்கா கித்தாரோடு போய் ஓரத்தில் உட்கார்ந்தாள். நானும் போனேன்; எனக்குப் பாட வராது, ஆனால் சாட்சி தேவைப்படலாம். தோடிக் கீர்த்தனை தொடங்கியதும் அவளும் வாசித்தாள். முதல் காந்தாரம் வந்தது. சத்தியநேசன் ஹார்மோனியத் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கை சொஸ்தமாச்சா, டீச்சர்? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

"கையில ஒரு குத்தமும் இருந்ததில்ல, சாரே." எழுந்து போய், தேய்ந்த பழைய மெட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தார். மாட்டியது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். காரியதரிசி அல்லவா, சுலபத்தில் ஒப்புக்கொள்வாரா? "மெட்டுதான் குத்தம்னா, ஊசி குத்தறதுக்கு முன்ன ஏன் உறுமல?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். குழு முழுக்க ரத்னாக்காவைப் பார்த்தது. அவள் கித்தாரைப் பார்த்தாள். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நல்ல சாவு வராது.

"உறுமிச்சு, சாரே" என்றேன். "ஈஸ்டர் ஆராதனையிலேயே வண்டு மாதிரி ஒரு சத்தம் லேசாக் கேட்டேன். ஜன்னல்ல வண்டாக்கும்னு நினைச்சேன். கைக்குக் கட்டுப் போட்ட பிறகுதான் நமக்கெல்லாம் காது முளைச்சுது. கை கெட்டதுன்னு முதல்ல சொன்னதும் நான்தான். அது பொய்."

ஏழெட்டுப் பேர் தங்களுக்கும் அந்த வண்டு ஞாபகம் வருகிறது என்றார்கள். அதில் பாதி பேர் ஈஸ்டருக்கு வரவே இல்லை என்பது எனக்குத் தெரியும். சத்தியநேசன் மெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "தீர்மானம் போட்டாச்சு, டீச்சர். நோட்டீஸ்லயும் பேரு போடல."

"நோட்டீஸ்ல பேரு வேண்டாம், சாரே. ஒரு நாற்காலி போதும்."

அவர் எழுந்து போய்த் தானே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுச் சிரித்தார். தீர்மானத்துக்கு முன்னால் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பண்டிகையன்று கோவில் நிரம்பி வழிந்தது. முன்னால் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய்க் குவியல், காணிக்கைக்கு வந்த கோழிகள். கீர்த்தனை தொடங்கியதும் எங்கள் வரிசையில் எல்லோரும் தோளை இறுக்கிக்கொண்டார்கள். இரண்டு மாதமாக அந்த உறுமலுக்காகப் பல்லைக் கடித்துப் பழகிவிட்டது. முதல் காந்தாரம் சுத்தமாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் தோள்கள் இறங்கின. நாலாவதை அவள் வேண்டுமென்றே இழுத்தாள். போதும் என்கிற இடத்தையும் தாண்டி இழுத்து, மேலே கொண்டுபோய், ஆட்டி, ஆட்டி, யாருக்குச் சந்தேகம் இருக்கிறதோ அவர்கள் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகப் போட்டுவிட்டுத்தான் கீழே இறக்கினாள். சத்தியநேசன் ஹார்மோனியத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். காணிக்கைச் சேவல் ஒன்று அந்த நேரம் பார்த்துக் கூவியது, யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரியைச் சபை அதுபோல் அதற்கு முன் பாடியதில்லை. அருமைநாயகம் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜெபம் என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நானும் அழுதேன். அழுகை நல்லதாகவே இருந்தது.

கண்ணாடி அலமாரியில் இப்போது சபையின் பழைய ரிஜிஸ்தர்கள் இருக்கின்றன.

இது நடந்து பன்னிரண்டு வருஷமாகிறது. போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் ரத்னாக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு வயது ஐம்பது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கையில் போர்வையில் சுற்றிய கித்தார்.

"ஏட்டி ராஜமணி, மறுபடி உறுமத் தொடங்கியாச்சு!" என்றாள். பேரப்பிள்ளை பிறந்த செய்தி சொல்கிறவள் போல முகமெல்லாம் பல். "வா, தாணு அண்ணாச்சி கடைக்குப் போவோம். பதினேழாம் மெட்டு சும்மாத்தானே உக்காந்து திங்குது?"

"அதுவும் தேஞ்சா?"

"பதினாறு இருக்கு. அதுக்குப் பிறகு பதினஞ்சு. நீ ஏன் வருத்தப்படுதே?"

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். மெட்டுக்குப் பன்னிரண்டு வருஷம் என்றாலும், பதினைந்தாம் மெட்டு தேய்ந்து முடியும்போது அவளுக்கு எண்பத்தாறு. அவள் அதற்குமேலும் வாசிப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் நகரவில்லை. போர்வையைப் பிரித்துக் கித்தாரை என் கையில் கொடுத்தாள்.

"முதல்ல நீ அமுக்கு" என்றாள். "எனக்க கையா, மெட்டான்னு இப்பமே தெரியட்டும். பிறகு கோவில் வாசல்ல நின்னு பேசப்பிடாது."

மூன்றாம் கம்பியில், மூன்றாம் மெட்டுக்கு நேரே விரலை வைத்து, என்னால் முடிந்த மட்டும் பலமாக அமுக்கினேன். அவள் மீட்டினாள். என் கையில் அது உறுமியது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.